பேரேட்டில் ஏறும் கடைசிக் காரணம்

தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளின் ஆண்பெயர், பெண்பெயர், இளமைப்பெயர்களை வகுத்துரைக்கும் இடத்தில், பெண்பன்றிக்கும் பெண்நாய்க்கும் 'பாட்டி' என்று ஒரு பெயரைக் கொடுத்திருக்கிறது. அந்தச் சொல்லுக்கும் நாம் இன்று வீட்டில் மூதாட்டியை அழைக்கும் சொல்லுக்கும் உறவு உண்டா என்பது மொழிநூலார் தீர்க்கவேண்டிய வழக்கு. ஆனால் டென்மார்க்கின் ஜட்லாந்துத் தீபகற்பத்திலோ அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலோ உள்ள ஒரு நவீனப் பன்றிப்பண்ணையின் கணக்கை எதிரே வைத்துக்கொண்டு அந்தப் பெயரை எண்ணிப் பார்க்கும்போது ஒரு விசித்திரமான பொருத்தம் புலப்படுகிறது. ஏறத்தாழ ஒரு வயதில் தலையீற்று ஈனுகின்ற பன்றி, அந்த ஈற்றிலே பிறந்த பெண்குட்டியும் அதே வயதில் ஈனுமானால், தன் இரண்டாம் வயதிலேயே மெய்யாகப் பாட்டியாகிவிடுகிறது. பாட்டியான பிறகு ஓராண்டு நிறைவதற்குள், பண்ணை வாசலில் வந்து நிற்கும் லாரியில் ஏற்றப்பட்டு, இறைச்சிக்கூடத்துக்குப் போய்விடுகிறது. தன் போக்கில் விட்டால் 15 ஆண்டுகள், சிற்சில சமயம் 20 ஆண்டுகள்கூட வாழக்கூடிய பிராணி அது.

ஆகவே பண்ணைப் பன்றியின் ஆயுளைப் பற்றிப் பேசும்போது, யானையின் ஆயுளையோ ஆமையின் ஆயுளையோ பற்றிப் பேசுவதுபோல் பேச முடியாது. அவற்றுக்கு முடிவு இயற்கையால் வருவது. இதற்குப் பெரும்பாலும் ஒரு மனிதனின் தீர்மானத்தால் வருவது. அந்தத் தீர்மானத்துக்கு மேனாட்டுப் பண்ணையாளர் வழங்கும் சொல்லை நம் கால்நடைத் துறையார் 'கழித்தல்' என்று பெயர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு தாய்ப்பன்றியையும் கழிக்கும்போது அதன் காதுவில்லையின் எண்ணுக்கு நேரே, பேரேட்டிலோ கணிப்பொறியிலோ, ஒரு காரணம் எழுதப்படுகிறது: பருவத்துக்கு வரவில்லை, சினை பிடிக்கவில்லை, நொண்டுகிறது, குட்டி குறைவு, முதுமை. இந்தக் காரணங்களைக் கூட்டிப் பெருக்கி வகுத்து ஆராய்ந்த விஞ்ஞானிகள், இளம் ஈற்றுகளில் கழிக்கப்படுபவற்றில் இனவிருத்திக் கோளாறே முதலிடமும், கால் குளம்புக் கோளாறு அதை அடுத்த இடமும் பெறுவதைத் தேசத்துக்குத் தேசம், பத்தாண்டுக்குப் பத்தாண்டு, மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள். கணக்கில் பிழையில்லை. ஆயினும் பேரேட்டில் ஏறுவது ஒரு நெடிய கதையின் கடைசி வரி மாத்திரமே என்பதும், அந்தக் கதையின் முதல் வரி பல சமயங்களில் அந்தப் பன்றி பிறந்த இரவிலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்பதும், கடந்த சில பத்தாண்டுகளின் ஆராய்ச்சியில் மெல்ல மெல்லத் தெளிவாகியிருக்கின்றன.

முதலில் அதன் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிடுவோம். கர்ப்பகாலம் ஏறத்தாழ 115 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று மேனாட்டுக் குடியானவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பிறகு மூன்று அல்லது நான்கு வாரம் பால் கொடுக்கும் காலம். குட்டிகளைப் பிரித்த நான்காம் ஐந்தாம் நாளில் மறுபடியும் சினைப்பருவம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஐந்து மாதத்துக்கு ஒரு சுற்று முடிகிறது. ஆண்டுக்கு இரண்டேகால் ஈற்றுக்கு மேல் கிடைக்கிறது. பெரும்பாலான பண்ணைகளில் குட்டி பிரிக்கும் நாள் வியாழக்கிழமையாக இருப்பதற்கு உடற்கூற்றுக் காரணம் ஒன்றுமில்லை. வியாழனன்று பிரித்தால் திங்கள் செவ்வாயில் பருவம் வரும்; ஞாயிற்றுக்கிழமையன்று வேலையாள் விடுமுறையைத் துறக்கவேண்டியதில்லை. பன்றியின் சூலகம் கிறிஸ்தவ வாரத்துக்கு இவ்வளவு நாகரிகமாக இணங்கிப்போவது பண்ணையாளர்களின் பாக்கியம்தான்.

திங்கட்கிழமை காலையில் அந்தக் கொட்டகைக்குள் நுழைபவர் காணக்கூடிய காட்சி இது. குறுகிய அடைப்புகளில் வரிசையாக நிற்கும் தாய்ப்பன்றிகளின் முகத்துக்கு நேரே, வாயில் நுரை தள்ளத் தாடையை மென்றுகொண்டு, ஓர் ஆண்பன்றி மெதுவாக நடத்திச் செல்லப்படுகிறது; அந்த நுரையிலுள்ள ஆண்ட்ரோஸ்டீனோன் என்னும் வாசனைப்பொருளே அதன் தூது. வேலையாள் பின்புறமிருந்து வந்து பன்றியின் விலாவைத் தேய்த்து, இடுப்பின்மேல் இரு கைகளையும் ஊன்றிப் பலமாக அழுத்துகிறார். பருவத்திலிருக்கும் பன்றி, கல்லில் செதுக்கியதுபோல் நான்கு கால்களையும் ஊன்றி அசையாமல் நின்றுவிடும். நிமிர்ந்த காதுடைய யார்க்‌ஷயர் இனமானால் காதுகள் இன்னும் விறைத்து நிற்கும். பருவத்துக்கு வராதது நகர்ந்துகொள்ளும், அல்லது ஒரு முறை உறுமிவிட்டுத் தீவனத்தொட்டியைத் தேடும். அப்படி நகர்ந்துகொண்ட பன்றிக்கு, அடுத்த பருவச் சுற்றுக்கான 21 நாள் தவணை கிடைக்கலாம். அந்த மூன்று வாரமும் அது தின்னும் தீவனத்துக்குப் பிரதிபலனாக ஒன்றும் தராது. தவணைகள் இரண்டு தவறினால் பேரேடு திறக்கிறது.

இத்தகைய அவசரத்துக்கு அடிப்படையான கணக்கு ஒன்று உண்டு. ஒரு பெண்குட்டியை வளர்த்து ஆளாக்கி, பருவம் பார்த்து, சினைப்படுத்தி, முதல் ஈற்றுவரை கொண்டுவருவதற்கு ஆகும் செலவு முழுவதும் அதன் தலைமேல் ஏற்றப்பட்ட கடன். அந்தக் கடன் அடைவதற்குக் குறைந்தது மூன்று ஈற்றாவது வேண்டும் என்று பொருளாதார ஆய்வாளர் பலர் கணக்கிட்டிருக்கிறார்கள். குட்டிகளின் எண்ணிக்கையோ மூன்றாம் ஈற்றிலிருந்து ஐந்தாம் ஈற்றுவரைதான் உச்சத்தில் நிற்கிறது. தாயின் சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புச் சக்தியும் அப்போதுதான் முதிர்ச்சி பெறுகிறது. தலையீற்றுக் குட்டிகள் எடையிலும் திடத்திலும் ஒரு படி குறைந்தே பிறக்கின்றன. இவ்வளவும் தெரிந்திருந்தும், ஆண்டுதோறும் மந்தையின் பாதியை ஒட்டிய தாய்ப்பன்றிகள் கழிந்து புதியவை நுழைவது டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் வழக்கமாயிருக்கிறது. கடனை அடைப்பதற்கு முன்பே பலவும், அடைத்துவிட்டு லாபம் ஈட்டத் தொடங்கும் வேளையில் இன்னும் பலவும், வெளியேறுகின்றன. இது யாரும் விரும்பிச் செய்யும் காரியமல்ல.

டென்மார்க்கைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெண்ணெயும் பன்றியிறைச்சியும் பிரிட்டனுக்கு விற்று வாழக் கற்றுக்கொண்ட அந்தச் சிறிய நாடு, 1887-இல் ஹோர்சன்ஸ் நகரில் விவசாயிகளின் முதல் கூட்டுறவு இறைச்சிச் சாலையைத் தொடங்கியது. வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய மோரும் ஆடை நீக்கிய பாலும் பன்றிக்குத் தீவனமாயின. 1907-இல் சந்ததியைச் சோதித்துப் பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும் நிலையங்கள் அங்கே எழுந்தன. லண்டன் காலைச் சாப்பாட்டு மேஜைக்கு நீண்ட, மெலிந்த, கொழுப்புக் குறைந்த விலாப்பகுதி வேண்டும் என்பதால், லேண்ட்ரேஸ் என்னும் நாட்டுப்பன்றி தலைமுறை தலைமுறையாக நீட்டப்பட்டது. நீட்டப்பட்டது என்று சொல்வது அலங்காரமல்ல: காட்டுப்பன்றிக்கு மார்பிலும் இடுப்பிலுமாக 19 முள்ளெலும்புகள் இருக்க, ஐரோப்பியப் பண்ணை இனங்களுக்கு 21 முதல் 23 வரை உண்டு. நீளம் கூடியதேயன்றி, அதைத் தாங்கும் கால்கள் நான்கும் நான்காகவே இருந்தன.

நீளத்துக்குப் பின் எண்ணிக்கை வந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஓர் ஈற்றுக்குப் பதினொன்று பன்னிரண்டு உயிர்க்குட்டிகள் ஈன்றுகொண்டிருந்த டேனிஷ் பன்றி, இப்போது சராசரியாக 17-க்கு மேல் ஈனுகிறது. அதன் மடியில் உள்ள காம்புகளோ பெரும்பாலும் 14 அல்லது 15. மிஞ்சிய குட்டிகளுக்காக, தன் குட்டிகளை வளர்த்து முடித்த வேறொரு பன்றி 'செவிலித்தாய்' ஆக்கப்பட்டு, இரண்டாம் முறையாகப் பால் கொடுக்க நிறுத்தப்படுகிறது. கருப்பையில் நெரிசல் மிகுந்ததால் சிறுத்துப் பிறப்பவையும் பிறந்து சில நாளில் மடிபவையும் பெருகியதைக் கண்ட டேனிஷ் இனவிருத்தி நிபுணர்கள், 2004-இல், பிறந்த எண்ணிக்கையை விட்டுவிட்டு ஐந்தாம் நாளில் உயிரோடிருக்கும் குட்டிகளின் எண்ணிக்கையைத் தேர்வின் அளவுகோலாக்கிக்கொண்டார்கள். அளவுகோலை மாற்றியது விவேகமான காரியம். ஆனாலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போயிற்று.

இப்போது பிறந்த இரவுக்கு வருவோம். பன்றிக்குட்டி நோய் எதிர்ப்புப் புரதங்கள் ஏதுமின்றிப் பிறக்கிறது. மனிதத் தாயின் நஞ்சுக்கொடி வழியாக அவை கசிந்து சிசுவை அடைவதுபோல் பன்றியின் நஞ்சுக்கொடி வழியாகக் கசிவதில்லை. அந்த ஆஸ்தி முழுவதும் சீம்பாலிலேயே இருக்கிறது. குட்டியின் குடலோ அந்தப் பெரிய புரதங்களை முழுமையாக உள்ளே விடுவது ஏறத்தாழ ஒரு நாள்தான். பிறகு வாசல் அடைபட்டுவிடும். இது பழைய செய்தி. புதிய செய்தி வேறு. பெண்குட்டி பிறக்கும்போது அதன் கருப்பையின் உட்சுவரில், பிற்காலத்தில் கருவை ஊட்டி வளர்க்கவேண்டிய சுரப்பிகள் இல்லை. அவை பிறந்தபிறகே, முதல் சில நாட்களில் அரும்பத் தொடங்கி, நாலு மாதம்வரை வளர்கின்றன. ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் பார்டலும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரல் பாக்னெலும், அந்த அரும்புதலுக்குக் கட்டளையிடும் பொருள்களில் சில சீம்பாலின் வழியே தாயிடமிருந்து வருகின்றன என்று காட்டினார்கள். ரிலாக்ஸின் என்னும் ஹார்மோன் அவற்றுள் ஒன்று. பிறந்தது முதல் இரண்டே நாள் தாய்ப்பாலுக்குப் பதிலாகச் செயற்கைப்பால் கொடுத்து வளர்த்த பெண்குட்டிகளின் கருப்பை, இரண்டு வாரத்துக்குள் வேறு விதமாக வளர்ந்திருந்தது.

நெப்ராஸ்கா மாநிலத்துக் கிளே சென்டரில் உள்ள அமெரிக்க அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தார் இதை எளிய ஓர் உபாயத்தால் அளக்க வழி செய்தார்கள். ஒரு நாள் குட்டியின் இரத்தத்தில் ஒரு துளி. அதிலிருந்து பிரிந்த தெளிநீரோடு அம்மோனியம் சல்பேட்டுக் கரைசல். எதிர்ப்புப் புரதங்கள் வெண்மையாகத் திரிகின்றன. அதை நூலிழைபோன்ற கண்ணாடிக் குழாயில் ஏற்றிச் சுழற்றினால், அடியில் வெள்ளைப்படிவு உறைகிறது. மேலே தெளிந்த நீர். படிவின் உயரத்தை மொத்த உயரத்தால் வகுத்தால், அந்தக் குட்டி முதல் நாளில் எவ்வளவு சீம்பால் குடித்தது என்பதற்கு ஒரு தோராயக் குறி கிடைத்துவிடும். குறி தாழ்ந்திருந்த பெண்குட்டிகள் வளர்ந்து தாயானபோது தாமதமாகப் பருவத்துக்கு வந்தன, குறைவாகவே ஈன்றன. காம்புக்குப் போட்டியிட்டுத் தோற்ற ஒரு குட்டி, இரண்டாண்டு கழித்து, 'குட்டி குறைவு' என்ற காரணத்தால் கழிக்கப்படுகிறது. அந்த வரியை எழுதும் பண்ணையாள் அது பிறந்த இரவை எப்படி அறிவார்? அந்த இரவில் அங்கே யாரும் இல்லாதிருந்ததும் கூடும்.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த நீண்ட ஆராய்ச்சியும் இதே திசையைச் சுட்டியது. சிறிய குழுவாகப் பால்குடித்து வளர்ந்த பெண்குட்டிகளும், இளமையிலேயே ஆண்பன்றியின் சகவாசம் காட்டப்பட்டவையும், நெரிசலில் வளர்ந்தவற்றைவிட மிகுதியாக ஆறாம் ஈற்றுவரை மந்தையில் நிலைத்தன. ஆண்பன்றி எதிரே வந்தவுடன், மற்றவற்றுக்கு முன்னதாகப் பருவத்துக்கு வரும் குட்டியே நீண்டநாள் நிலைக்கும் குட்டி என்பது இன்று ஏறக்குறைய பொதுவிதி.

இனி வரும் கட்டத்தை நான் இந்த அத்தியாயத்தின் நடுநாயகமாகக் கருதுகிறேன்: தலையீற்றில் பால் கொடுக்கும் நான்கு வாரம். பன்றி மடியில் எந்நேரமும் பால் நிற்பதில்லை. முக்கால் மணிக்கு ஒரு தடவை, பத்திருபது விநாடி மாத்திரம், பால் இறங்கும். அதற்குள் குடித்த குட்டி குடித்தது. அப்படி இரவும் பகலுமாக நாளொன்றுக்குப் பத்துக் கிலோவை ஒட்டியும், சில பன்றிகள் அதற்கு மேலும், கொழுப்பு மிகுந்த பாலைச் சுரக்கின்றன. ஒன்றரைக் கிலோவுக்குள் பிறந்த குட்டி நான்கு வாரத்தில் ஏழு கிலோவைத் தொடுவது அந்தப் பாலால்தான். தலையீற்றுப் பன்றியோ இன்னும் தானே முழுமையாக வளராத உயிர். அதன் எலும்பு நீளவேண்டும், தசை பெருகவேண்டும். வயிற்றின் கொள்ளளவோ முதிர்ந்த பன்றியினுடையதைவிடச் சிறியது. குட்டிகள் உறிஞ்சும் வேகத்துக்கு ஈடாக அதனால் தின்ன முடிவதில்லை. ஈடுகட்டாத பங்கை அது எங்கிருந்து எடுக்கும்? தன் முதுகுக் கொழுப்பிலிருந்தும், பிறகு தன் சதையிலிருந்தும் எடுக்கிறது.

கொழுப்புப் போனால் திரும்ப வரும். சதை கரைவதுதான் ஆபத்து. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும் பன்றியின் மூளை, இது கருத்தரிக்கும் காலமல்ல என்று தானே தீர்ப்பளித்துவிடுகிறது: மூளையடிச் சுரப்பி சூலகத்துக்கு அனுப்பும் ஹார்மோன் துடிப்புகள் மங்குகின்றன, சூலகத்தில் முட்டைப்பைகள் சிறுத்து நிற்கின்றன. குட்டி பிரித்த ஐந்தாம் நாள் வரவேண்டிய பருவம் பத்தாம் நாளும் வருவதில்லை. வந்தாலும், தரம் குன்றிய முட்டைகளால் இரண்டாம் ஈற்றில் குட்டிகள் முதல் ஈற்றைவிடக் குறைந்து போகின்றன. உலகெங்கும் பண்ணையாளர்கள் 'இரண்டாம் ஈற்றுச் சரிவு' என்று நொந்துகொள்வது இதைத்தான். பழங்காலத்துக் கொழுத்த பன்றிக்கு முதுகில் நிறையச் சேமிப்பு இருந்தது. கொழுப்பில்லாத இறைச்சி வேண்டும் என்று நூறாண்டாகத் தேர்ந்தெடுத்து வந்த நாம், வாங்குபவரின் தட்டிலிருந்து கொழுப்பை எடுத்தபோதே தாயின் உண்டியலிலிருந்தும் எடுத்துவிட்டோம். தேர்வு செய்தவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. ஒரே மரபணுக்கள்தான் இரண்டு இடத்திலும் வேலை செய்கின்றன.

இதற்குப் பண்ணையாளர் செய்யும் பரிகாரங்கள் சாமானியமானவையே, ஆனால் ஓயாத கவனம் கேட்பவை. 135 கிலோவை எட்டாத இளம்பன்றியைச் சினைப்படுத்தாமல் இரண்டாம் அல்லது மூன்றாம் பருவம்வரை காத்திருத்தல். கர்ப்பகாலத்தில் அளவாகத் தீவனமிடுதல், ஏனெனில் கர்ப்பத்தில் கொழுத்த பன்றி பால் கொடுக்கும்போது பசியற்றுப் போகிறது. பால் காலத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த தீவனத்தை நாளுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்து வைத்தல். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். கடைசி விலாவெலும்புக்கு நேரே, முதுகுத்தண்டிலிருந்து ஆறரைச் சென்டிமீட்டர் தள்ளி, ஒலியலைக் கருவியை வைத்துக் கொழுப்பின் தடிப்பை மில்லிமீட்டரில் அளப்பவர்கள் உண்டு. கருவி இல்லாதவர்கள் உள்ளங்கையால் இடுப்பெலும்பை அழுத்திப் பார்க்கிறார்கள்.

வெப்பமும் இங்கே குறுக்கே நிற்கிறது. தாய்க்கு உகந்தது 18 முதல் 20 டிகிரி. அதே அறையில், அதே நேரத்தில், பிறந்த குட்டிக்கு வேண்டியது 32 டிகிரிக்கு மேல். பன்றிக்கு வியர்த்துக் குளிரும் பாக்கியம் இல்லை. அறை 25 டிகிரியைக் கடந்தால் அது முதலில் தீவனத்தைத்தான் குறைத்துக்கொள்கிறது. அதனால் குட்டிக்கு மட்டும் மூலையில் விளக்கு வைத்துச் சூடேற்றி, தாய்க்கு மூக்கின்மேல் காற்று வீசச் செய்கிறார்கள். இதனோடு கோடை இறுதியில் பன்றிகளின் கருத்தரிப்பு உலகெங்கும் ஒரு படி இறங்குகிறது. வெப்பம் மட்டுமல்ல, நாள் குறுகும் காலத்தில் கூடி வசந்தத்தில் ஈன்ற காட்டுப்பன்றி மூதாதையின் பஞ்சாங்கம் இன்னும் அதன் இரத்தத்தில் முற்றாக அழிந்துவிடவில்லை என்பதும் அதற்குக் காரணம்.

கால்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது. பன்றியை ஒருபுறமாகப் படுக்கவைத்துப் பின்னங்காலின் அடியைத் திருப்பிப் பார்த்தால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குளம்புகள். வெளிக்குளம்பு உட்குளம்பைவிடப் பெரியது. எனவே 200 கிலோவைத் தாண்டிய உடம்பின் பாரம் வெளிக்குளம்பின்மேலேயே அதிகமாக விழுகிறது. காட்டுத்தரையில் இலைச்சருகும் ஈரமண்ணும் அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டன. இடைவெளிவிட்ட கான்கிரீட் பலகைகளின்மேல் நிற்கும் பன்றிக்கு, குதிகாலின் மெத்தென்ற பகுதியும் குளம்புச்சுவரும் கூடுமிடத்தில் வெடிப்பு விழுகிறது. சுவரும் அடிப்பாகமும் சேரும் 'வெண்கோட்டில்' பிளவு காண்கிறது. சாணமும் சிறுநீரும் அதன் வழியே ஏறி மூட்டுவரை சீழ் வைக்கின்றன. பலகைகளுக்கு இடையே 20 மில்லிமீட்டருக்கு மேல் சந்து இருக்கலாகாது, பலகையின் அகலம் 80 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்று ஐரோப்பியச் சட்டமே விதித்திருப்பது இந்தக் குளம்புகளை நினைத்துத்தான். குளம்பைக் கெட்டிப்படுத்தத் துத்தநாகமும் பயோட்டினும் தீவனத்தில் சேர்க்கிறார்கள்.

ஆனால் நொண்டுதலின் மற்றொரு வேர் தரையில் இல்லை, இளமையில் இருக்கிறது. வேகமாக வளரும் குட்டியின் மூட்டுக் குருத்தெலும்புக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் சில இடங்களில் அற்றுப்போக, அந்த இடம் எலும்பாக மாறாமல் செத்த திட்டாக நின்றுவிடுகிறது. பிற்காலத்தில் ஒரு நாள், சறுக்கி விழும்போதோ சண்டையிடும்போதோ, அந்தத் திட்டு பெயர்ந்து மூட்டுக்குள் விழுகிறது. பேரேட்டில் 'நொண்டி' என்று ஏறுவது அன்றைய தேதியில்தான். நொண்டும் பன்றி எழுந்து தீவனத்தொட்டிக்குப் போகத் தயங்குகிறது, தின்பது குறைகிறது, மெலிகிறது, மெலிந்த உடம்பின் தோள்பட்டை எலும்பு தரையில் அழுந்திப் புண்ணாகிறது, பருவமும் தவறுகிறது. அப்போது அதைப் 'பருவத்துக்கு வரவில்லை' என்ற தலைப்பின் கீழே கழித்துவிடவும் கூடும். கணக்கெடுப்புகளில் கால்நோயின் பங்கு உள்ளதைவிடக் குறைவாகவே தோன்றும் என்று ஆராய்ச்சியாளர் எச்சரிப்பது இதனால்தான்.

அடைத்து வைப்பதா, கூட்டமாக விடுவதா என்பது மேனாட்டில் அரைநூற்றாண்டு வழக்கு. அறுபது சென்டிமீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமுமான இரும்பு அடைப்பில், திரும்பவும் இடமின்றி, கர்ப்பகாலம் முழுவதையும் கழித்த பன்றிகளின் தசையும் எலும்பும் வலுவிழந்தன. சுவீடன் 1988-இலேயே சட்டம் செய்தது. பிரிட்டன் 1999 முதல் அதைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம், 2013 ஜனவரி 1 முதல், சினைப்பட்ட நான்கு வாரத்துக்குப் பிறகு ஈனுவதற்கு ஒரு வாரம் முன்புவரை கூட்டமாகவே வைக்கவேண்டும் என்று விதித்தது. கூட்டத்தில் விட்டவுடன் எல்லாம் நேராகிவிட்டதா என்றால், இல்லை. பன்றிகளுக்குள் மேல்கீழ் வரிசை உண்டு. அறிமுகமில்லாதவற்றை ஒன்றாக விட்டால் முதல் இரண்டு நாள் கடியும் முட்டலும் ஓயாது. தலையீற்றுப் பன்றி மூலையில் ஒதுங்கிப் பட்டினி கிடக்கும். வழுக்கும் கான்கிரீட்டில் அந்தச் சண்டை நடந்தால் கால் போயிற்று. வைக்கோல் விரித்த தரையில் நடந்தால் பிழைத்தது. ஆகவே அடைப்பா கூட்டமா என்ற கேள்வியைவிட, கீழே என்ன விரித்திருக்கிறது, தொட்டிக்கு எத்தனை பேர், புதியவற்றைக் கலந்துவிடுபவர் யார் என்ற கேள்விகளே பன்றியின் ஆயுளை அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

யார் என்ற கேள்வியைத் தற்செயலாகக் கேட்கவில்லை. ஆஸ்திரேலியரான பால் ஹெம்ஸ்வொர்த், டச்சு ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 1981-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆராய்ச்சி இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஹாலந்தில், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு மனிதர் நடத்திவந்த 12 பண்ணைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மனிதன் எதிரே வந்து நின்றால் பன்றி அணுகுகிறதா, பின்வாங்குகிறதா, தொட வந்த கைக்கு முகத்தைக் கொடுக்கிறதா என்பதை மட்டும் பார்த்தார்கள். எந்தப் பண்ணையில் பன்றிகள் மனிதனைக் கண்டு அதிகம் ஒடுங்கினவோ, அந்தப் பண்ணையில் ஆண்டுக்குப் பிறந்த குட்டிகளும் குறைந்திருந்தன. பின்னர் அவரே செய்த சோதனைகளில், அடியும் அதட்டலும் கண்டு வளர்ந்த இளம்பன்றிகளின் உடலில் அச்ச ஹார்மோன் நீடித்து உயர்ந்திருப்பதும், கருத்தரிப்புக் குறைவதும் தெரிந்தன. நாள் முழுவதும் அடித்துத் துன்புறுத்தவேண்டியதில்லை. போகிற போக்கில் முதுகில் வைக்கும் ஒரு தட்டு, கதவைத் திறக்கும்போது போடும் ஒரு கூச்சல், அவ்வளவே போதும். தீவனச் சூத்திரத்தை மாற்றப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பண்ணை முதலாளி, காலை ஆறு மணிக்குக் கொட்டகைக் கதவைத் திறப்பவருடைய சுபாவத்தை விசாரிக்க மறந்துவிடுகிறார்.

இந்தக் குறுகிய ஆயுளைப் பரம்பரையால் சரிசெய்யலாகாதா என்று கேட்கலாம். செய்யலாம், மெதுவாக. நிலைத்திருக்கும் குணம் பெற்றோரிடமிருந்து குட்டிக்கு இறங்கும் அளவு மிகச் சொற்பம், பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அதோடு, ஒரு பன்றி ஆறு ஈற்று நிலைக்கும் என்பது அது ஆறு ஈற்று நிலைத்தபிறகே தெரியும். அதற்குள் அதன் தலைமுறைக்குப் பின் மூன்று தலைமுறை கடந்துவிடும். கால் நேராக ஊன்றுகிறதா, காம்புகள் எத்தனை என்று முன்கூட்டிக் காணும் குறிகளை வைத்தே தேர்வு செய்கிறார்கள். இன்னொரு புறம், ஆண்டுதோறும் மேம்பட்ட பரம்பரை சந்தைக்கு வந்துகொண்டிருக்கும்போது கிழப்பன்றியை வைத்துக்கொண்டிருப்பது நஷ்டம் என்ற வாதமும் உண்டு. கழித்த பன்றியின் இறைச்சி விலை ஏறிய வாரங்களில் இந்த வாதம் சற்று அதிகமாகவே காதில் விழும்.

தீர்மானத்துக்கும் காத்திராமல் போகிறவையும் இப்போது பெருகியிருக்கின்றன. 2010-களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்கப் பண்ணைகளில், ஈனும் காலத்தை ஒட்டிக் கருப்பையோ மலக்குடலோ வெளித்தள்ளி மடியும் தாய்ப்பன்றிகள் கவலைக்குரிய அளவில் தோன்றலாயின. அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் இதற்கென்றே நாடுதழுவிய ஆராய்ச்சியை மேற்கொண்டது. கழிக்கப்படாமல் பண்ணையிலேயே இறக்கும் பன்றிகளின் பங்கு, ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்தைக் கடந்திருக்கிறது. குட்டிகளின் எண்ணிக்கை, பிரசவத்தின் நீளம், மெலிந்த உடல் என்று ஒவ்வொரு நூலாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இறந்த பன்றிக்கு இறைச்சி விலையும் இல்லை. ஆகையால் பேரேட்டில் இறந்தவற்றின் பத்தியை மட்டும் முதலாளிகள் இருமுறை படிக்கிறார்கள்.

திங்கட்கிழமைக் கொட்டகையில் ஆண்பன்றி வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டது. அங்கே நிற்பது ஏழாம் ஈற்றை முடித்த ஒரு லேண்ட்ரேஸ் கலப்பினம். மடிந்து தொங்கும் காதின் மடிப்புக்குள் வில்லையின் மஞ்சள் மங்கி, எண் பாதி தேய்ந்திருக்கிறது. வேலையாள் அதன் இடுப்பில் கை வைக்கிறார். அது நான்கு கால்களையும் ஊன்றி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல், அப்படியே நின்றுவிடுகிறது. அவர் முதுகில் ஒரு சுண்ணக்கோடு இழுத்துவிட்டு, அடுத்த வரிசைக்குப் போகிறார்.